குவாண்டம் பூட்டு

"அப்படி என்னம்மா ஆபீஸ்ல வெட்டி முறிக்கிற? சேதிக்குப் பூட்டுப் போடுறீங்களாம்! பூட்டுன்னு ஒண்ணு இருந்தா கள்ளச்சாவியும் இருக்கும்," என்றார் மாமனார்.

மருமகள் சிரித்தாள். "எங்க குவாண்டம் சாவி ஒளியில போகுது மாமா. வழியில யாராவது எட்டிப் பார்த்தாலே மாறிடும். பார்த்தது எங்களுக்குத் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா? ஆளைப் பிடிச்சு உதைப்பீங்களா?"

"சத்தமே போட மாட்டோம். அந்த வழியில அப்புறம் உண்மையான சேதி எதுவும் அனுப்ப மாட்டோம், அவ்வளவுதான்."

அவள் வேலைக்குக் கிளம்பியதும், வழக்கம்போல அவள் அலமாரியைத் திறந்து டைரியை எடுத்தார். முதல் பக்கங்களில், 'மாமா எல்லாரையும் சந்தேகப்படுகிறார், தாங்க முடியவில்லை' என்று குமுறியிருந்தாள். திடீரென்று ஒருநாள் முதல், 'மாமா தங்கமான மனுஷர்' என்று எழுத ஆரம்பித்திருந்தாள். மருமகள் திருந்திவிட்டாள் என்று மூன்று மாதமாகப் பூரித்துப் போயிருந்தார்.

நேற்றைய பக்கத்திலும் அதே வரிதான். இன்று அதைப் படித்தவருக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.