அவுரிப் பானைக்கு ஒரு கோழி

அவுரிப் பானை செத்துப்போயிருந்தது.

மூடியைத் திறந்ததுமே தெரிந்தது. செம்பு போல மினுங்கும் நுரை இல்லை. முக்கியெடுத்த பட்டுநூல் நீலமாகாமல் சேற்று நிறத்தில் தொங்கியது.

பானைக்குள் ஓர் ஆவி உண்டு. கர்ப்பிணி அருகே போனால் கோபித்துக்கொள்ளும், சாயம் செத்துவிடும்.

தறிகள் நின்றன. யார் அது?

எல்லோர் கண்ணும் போன மாதம் கல்யாணமான தாவியின் வயிற்றுக்குப் போனது. அவள் புத்தர்மேல் சத்தியம் செய்தாள்.

அப்படியே விடவும் முடியாது. கெடுத்தவள் தன் கையால் பானைக்குக் கோழியும் ஊதுபத்தியும் வைத்தால்தான் புதுச் சாயம் பொங்கும். விகாரைத் திருவிழாவுக்குள் நூல் நீலமாகாவிட்டால், நெய்யும் பெண்கள் நாங்கள் எல்லோரும் மறுபடி லாரியில் நின்றபடி புனோம்பென் தையல் தொழிற்சாலைக்குப் போகவேண்டியதுதான்.

மத்தியானம், பானையைப் பார்த்துக்கொள்ளும் சாரூன் சித்தியே அவித்த கோழியோடு வந்தாள். கெடுத்தது தான்தான் என்றாள்.

“உனக்கா சித்தி? இந்த வயசுலயா?” தாவிக்கு உயிர் வந்துவிட்டது.

“ஏன்டி, எனக்கு வரக்கூடாதா? பொறந்ததும் நீயே தாலாட்டு.”

சிரிப்பு அடங்கியபின் காரணம் சொன்னாள். நேற்றுப் பானைக்கு வாழைப்பழம் போட மறந்துவிட்டாளாம், பசியில் செத்துவிட்டதாம்.

இடுப்பு பிடித்துக்கொண்டது, குனிய முடியவில்லை என்று, மூலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த சோபியப்பைக் கூப்பிட்டுத் தட்டை வைக்கச் சொன்னாள். சோபியப்பே ஊதுபத்தியும் ஏற்றிக் கும்பிட்டாள்.

மறுநாள் பெருக்கும்போது பானைக்குப் பின்னால் வாழைப்பழத் தோல்களைப் பார்த்தேன். இரண்டு நாள் பழசாகக் கறுத்திருந்தன. சித்தி பழம் போட மறக்கவில்லை.

எனக்குப் புரியவில்லை. கோழி கொண்டுவந்த அன்று, விகாரையில் விரதம் ஏற்கும் சீல நாள். காலையில்தான் சித்தி அங்கே என் பக்கத்தில் உட்கார்ந்து, பொய் சொல்லமாட்டேன் என்று கைகூப்பியிருந்தாள்.

சில நாளில் புதுப்பானையில் நுரை செம்பாகப் பொங்கியது. நூல் நீலமாயிற்று.

அதன்பின் சித்தி இன்னொரு வேலையும் செய்தாள். சோபியப்பின் கனத்த ராட்டையைத் தானே குனிந்து தூக்கி, பானையிலிருந்து தள்ளிக் கடைசி ஜன்னலுக்கு நகர்த்தினாள். அங்கே காற்று நன்றாக வருமாம்.

இடுப்பு என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தேன்.

சோபியப் வயிற்றின்மேல் ஒரு கையை வைத்தபடி தலை நிமிராமல் நின்றாள். அவள் புருஷன் செத்து மூன்று வருஷமாகிறது.

நான் கேட்கவில்லை. ராட்டையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.