கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே

மூன்றாவது தடவையும் டேப்பை இழுத்துப் பிடித்தாள்.

நூற்று இருபத்து மூன்று புள்ளி ஒன்று சென்டிமீட்டர்.

நேற்று மாலை இதே இடத்தில் நூற்றுப் பதினெட்டு புள்ளி நான்கு. அவளே அளந்து, அவளே நோட்டில் எழுதியது.

விரிசலுக்கு அந்தப் பக்கம் ஓர் இரும்புக் கம்பி, இந்தப் பக்கம் ஒன்று. நடுவிலுள்ள தூரம் கூடினால் மலை நகர்கிறது என்று அர்த்தம். ஒரே நாளில் ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் கீழே இருப்பவர்களைக் கிளப்பிவிட வேண்டும். அவள் வேலை பார்க்கும் புவியியல் துறையின் விதி அது.

கூடியிருப்பது ஐந்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

கீழே தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள், முப்பத்தொன்று. ஐந்து நாள் மழை விட்டு இன்றைக்குத்தான் வெயில் எட்டிப் பார்த்திருந்தது. எல்லா வாசலிலும் துணி காயப் போட்டிருந்தார்கள்.

அவர்களை ஏற்றிப்போகச் சாலையில் மூன்று லாரிகள் நின்றன. போனில் தாசில்தார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தாள்.

போன ஐப்பசியில் சொன்னாள். ஒன்பது நாள் அத்தனை பேரும் பள்ளிக்கூடத்தில் முடங்கிக் கிடந்தார்கள். மலை ஒரு நூல்கூட அசையவில்லை. திரும்பி வந்து பார்த்தால், கரடி நான்கு வீட்டுக் கதவை உடைத்து எண்ணெயைக் குடித்துவிட்டுப் போயிருந்தது. அன்றிலிருந்து லைனில் அவளுக்குக் ‘கரடி மேடம்’ என்று பெயர். இந்தத் தடவையும் பொய்த்தால், இனி அவள் பேச்சைக் கேட்டு ஒருவரும் வாசல் தாண்டமாட்டார்கள்.

சொல்லாமல் விட்டு, மலை இறங்கினால்?



பத்தடி தள்ளிப் பவளக்கொடி நின்றுகொண்டிருந்தாள். லைனின் கடைசி வீட்டுக்காரி. மகள் பிள்ளை பெற்றுப் பத்து நாள்தான் ஆகிறது. காலையில் கொழுந்து பறிக்கவும் போகாமல், தன் ஆட்டைப் பிடித்துக்கொண்டு இந்த அளவெடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

டேப்பின் கொக்கியைக் கழற்றக் குனிந்தபோதுதான் அவள் கவனித்தாள்.

கம்பியின் தலையில் அரத்தால் ராவிய ஒரு வெட்டு உண்டு. எதிர்க் கம்பியைப் பார்க்க வைத்து நட்டிருந்தாள். இப்போது அது பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மலை நகரும். கம்பியைப் பிடுங்கித் திருப்பி நடாது.

மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். புது மண். பக்கத்தில் ஆட்டுப் புழுக்கை.

“அக்கா, இந்தக் கம்பியில ஆட்டைக் கட்டுனீங்களா?”

பவளக்கொடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“நேத்து நீங்க போனப்பறம் ஒரு நிமிசம் கட்டுனேன் மேடம். சனியன் புடுங்கிருச்சு. பயந்துபோய் நானே கல்லால அடிச்சு எறக்கிட்டேன்.”

அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். புதருக்குள் ஓடினாள். அதே விரிசலின் மறுகோடியில், இன்றைக்கு இன்னும் அளக்காத இன்னொரு ஜோடிக் கம்பி இருந்தது. உண்ணிமுள் கையைக் கிழித்தது. டேப்பைப் போட்டாள். மறுபடியும் போட்டாள்.

தொண்ணூற்றாறு புள்ளி இரண்டு.

நேற்றும் அதுதான். முந்தாநாளும் அதுதான்.

அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு நடுவில் அழுகையாகி, பிறகு மறுபடியும் சிரிப்பாயிற்று. நல்லவேளை, பக்கத்தில் ஒருவரும் இல்லை. இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

“வேண்டாம் சார், யாரும் கிளம்ப வேண்டாம்,” என்றாள் போனில். தாசில்தார் விட்ட பெருமூச்சு அவள் காதிலேயே விழுந்தது.

திரும்பி வந்தபோது பவளக்கொடி இருந்த இடத்திலேயே இருந்தாள்.

“ஒண்ணும் ஆகலக்கா. மலை அசையல. எந்திரிங்க.”

“ஆடு புடுங்குனதுல மலை அவுந்துக்கலியா?”

அவளுக்கு முதலில் புரியவில்லை.

“ஆஸ்பத்திரியில எம்மவ வயித்துல தையல் போட்டாங்கள்ல,” என்றாள் பவளக்கொடி. “அந்த மாதிரி மலை பொளந்த எடத்துல கவர்மெண்டு கம்பி போட்டு இழுத்துக் கட்டிருக்குன்னுல நெனச்சேன். பச்சப் புள்ளைய கீழ வச்சுக்கிட்டு, எங்கையாலயே தையலப் பிரிச்சுட்டேனேன்னு நேத்துலேருந்து எனக்கு உசுரே இல்ல.”

ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். அவள் பவளக்கொடியின் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“இது சும்மா அளந்து பாக்கறதுக்குக்கா. இழுத்துக் கட்டறதுக்கு இல்ல.”

பவளக்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கம்பியைப் பார்த்தாள். மேலே ஏறிப்போகும் சரிவைப் பார்த்தாள்.

“அப்ப மலைய எது மேடம் புடிச்சிட்டிருக்கு?”

தான் படித்த படிப்பையெல்லாம் அவள் ஒருதரம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். கீழே யாரோ ஒருத்தி துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு நிக்குதுக்கா,” என்றாள்.

பவளக்கொடிக்கு அது போதுமாயிருந்தது. பேத்தியைக் குளிப்பாட்ட வெந்நீர் வைக்க வேண்டும் என்று ஆட்டை இழுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவள் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.