ஒரு வரி கூடுதல்

சப்டைட்டில் ஃபைலை ஒரு ஃபார்மட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது அவள் வேலை. பதினோரு வருஷத்தில் ஒரு வரி விட்டுப்போனதில்லை, ஒரு வரி ஒட்டிக்கொண்டதுமில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

அன்று வந்தது அப்பா நடித்த பழைய படம். நடித்தார் என்றால், மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் குடை பிடித்து நின்றார். அவர் தலைகாட்டிய நாற்பது படங்களிலும் இதே கதைதான். வசனம் என்று ஒரு வரிகூட வாய்க்கவில்லை. "அடுத்த படத்துல ஒரு வரி தர்றேன்னு சொல்லியிருக்காங்க" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். "நீங்க வாயைத் திறந்தா மழை நின்னுடும்னு பயம்" என்பாள் அம்மா.

உள்ளே போனது 1,412 வரிகள். வெளியே வந்தது 1,413.

கூடுதல் வரி அந்த மழைக் காட்சியில் இருந்தது: "என் பொண்ணு இதைப் பார்ப்பா."

படம் வெளிவந்தது அவள் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால்.

அவள் வீடியோவை ஓட்டினாள். மனப்பாடமான காட்சி, அதில் அப்பாவின் உதடுகள் அசைந்ததே இல்லை. இப்போது அசைந்தன. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

ஃபைலை அப்படியே அனுப்பினாள். சரிபார்ப்பவர் உடனே கூப்பிட்டார்.

"என்னம்மா, உன் ஃபைல்லயே ஒரு வரி கூடுதே? யாரு பேசுறது?"

"குடை பிடிச்சிருக்காரே, அவர்தான் சார். எங்கப்பா." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கூடலை சார், இத்தனை நாள் குறைஞ்சிருந்துச்சு."

மறுமுனையில் மழைச் சத்தம் கேட்டது.

"ஆமாம்மா, பேசுறாரு" என்றார் அவர். "பக்கத்துல நிக்கிறவங்க எல்லாம் நம்ம பக்கம் திரும்பிப் பாக்குறாங்க."