நாலரை அடியில் ஒரு நீலக் கோடு

லூர்தம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

வாசல் என்று அங்கே எதுவும் கிடையாது. பொட்டல். நாலு மூலையிலும் மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கல், நடுவில் நெருஞ்சி. வாசல் அவர் முகத்தில் மாட்டியிருந்த கண்ணாடிக்குள் இருந்தது.

"செருப்பு இருக்கட்டும்மா, முள்ளு" என்றேன். கேட்கவில்லை. புது வீட்டுக்குள் யார் செருப்போடு போவார்கள்? வலது காலை எடுத்து, இல்லாத நிலைப்படியைத் தாண்டி வைத்தார்.

என் வேலை இதுதான். பி.இ. படித்துவிட்டு, ஆவடி தாண்டி மனை விற்கிற ஒரு கம்பெனியில், வாங்க வருகிறவர்கள் முகத்தில் ஹெட்செட்டை மாட்டி, இன்னும் கட்டாத வீட்டுக்குள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவது. விழாமல் பார்த்துக்கொள்வது. வெயில் ஏறினால் படம் வெளுத்துவிடும். அதனால் காலை ஏழு மணிக்கே வரச் சொல்லிவிடுவோம்.

பொட்டலில் இந்தக் கருவிக்குப் பிடிமானம் கிடைக்காது. அசையாத ஏதாவது ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் வீடு மிதந்து பக்கத்து மனைக்குப் போய்விடும். இந்தப் பதினாலாம் மனையில் பாதி புதைந்த கருங்கல் ஒன்று கிடந்தது. அடையாள ஸ்டிக்கரை அதில் ஒட்டினேன். மொத்த வீடும் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது.

லூர்தம்மாளின் கணவர் பால்ராஜ், நெல்லைப் பக்கத்துக்காரர். டேங்க் ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் வெல்டர். போன மாதம் ரிட்டயர்டு. குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். கைக்கு வந்த பணம் முழுக்க இந்த மனைக்குத்தான்.

முதலில் அவர்தான் மாட்டிப் பார்த்தார்.

"வெல்டிங் ஷீல்டு மாதிரில்லா இருக்கு. அதுலயாவது தீப்பொறி தெரியும். இதுல இல்லாததெல்லாம் தெரியுது, இருக்கது ஒண்ணும் தெரியல."

சொல்லிவிட்டு, சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். கை காற்றில் போயிற்று. சிரித்தார். ஹாலைத் தாண்டி அடுப்படிக்குள் போனதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

"இன்னும் ரெண்டு வருஷத்துல வீட்டுக்கு வீடு இது இருக்கும் சார், டிவி மாதிரி" என்றான் மேனேஜர் மனோகரன். என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தது வேறு. தண்ணீரைப் பற்றி வாயைத் திறந்தால் அன்றைக்கே வேலை கிடையாது.

வாயைத்தான் திறக்கக் கூடாது. கோடு போடக் கூடாது என்று சொல்லவில்லை. வீட்டின் படத்தில், உள்சுவர் முழுக்க, நாலரை அடி உயரத்தில் ஒரு நீலக் கோடு இழுத்து வைத்தேன். பதினோரு குடும்பம் பார்த்துவிட்டுப் போயிற்று. அது என்ன என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

லூர்தம்மாள் கையைத் தூக்கி, இல்லாத சுவரில் விரலை ஓட்டினார்.

"ஏங்க, இந்த நீல பார்டர் அழகா இருக்கு. நிஜத்துலயும் போட்டுத் தருவாங்களா?"

மனோகரன் முந்துவதற்குள் நான் சொன்னேன்.

"பார்டர் இல்லம்மா. மழைக்குத் தண்ணி நின்ன அளவு."

மனோகரன் என்னைப் பார்த்தான். வேலை போயிற்று. போகட்டும். முப்பத்திரண்டு வருஷம் நெருப்பைப் பார்த்துச் சம்பாதித்த காசு, தப்பித்தால் போதும்.

பால்ராஜ் ஹெட்செட்டைத் திரும்ப வாங்கி மாட்டினார். கோட்டுக்கு நேராகத் தன் நெஞ்சில் கையை வைத்தார்.

"அப்ப அஞ்சடி மண்ணடிச்சு ஏத்திக் கட்டிருவோம். தண்ணி பக்கத்து மனைக்குப் போயிரும்லா."

மனோகரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சார் பிராக்டிகல்" என்று சொல்லிக்கொண்டே அட்வான்ஸ் ஃபாரம் எடுக்கக் காருக்கு ஓடினான்.

என் வேலை போகவில்லை.

லூர்தம்மாள் கல்லில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பி முள் பிடுங்கினார். மூன்று முள். பிடுங்கிய கை கல்லின் ஓரத்தைத் தடவிற்று.

"துவைக்கிற கல்லுல்லா இது. எப்படி வழவழன்னு தேஞ்சிருக்கு பாருங்க. யாரோ இருந்திருக்காங்க." அப்புறம் என்னைப் பார்த்து, "இதை எடுத்துராதீங்கம்மா. நான் பின்பக்கம் போட்டுக்கிடுதேன்" என்றார்.

பால்ராஜ் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, நீ எப்படி அளவு இவ்வளவு கரெக்டாச் சொல்லுத?"

"கேள்விப்பட்டேன் சார்."

என் முதல் பட்டதாரி சான்றிதழில் இந்த இடத்துக்கு ஒரு கதவு எண் இருக்கிறது. தெருப் பெயர்கூட இருக்கிறது. முத்திரை குத்தித்தான் கொடுத்தார்கள். நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது, ஏரி இடம், இங்கே வீடே இருக்கக் கூடாது என்று ஜேசிபியோடு வந்தார்கள்.

ஹெட்செட்டைத் துடைத்து உறையில் வைக்கும்போது போன் அடித்தது. அம்மா. இப்போது மேனாம்பேட்டில் வாடகை ரூம், துணி துவைப்பது பக்கெட்டில். நான் இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தினமும் ஒரே கேள்விதான்.

"கல்லு அங்கயே கீதா?"

"கீதும்மா" என்றேன். "துவைக்க ஆள் வந்துட்டாங்க."