மூன்றாவது ஆபீஸ்

"இந்த வீடு உங்களுக்கு வேணாம்மா. வாங்க, கீழ போலாம்" என்றார் அன்வர் பாஷா, கதவைத் திறந்த கையோடு.

அன்புக்கரசிக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. காட்டிக்கொள்ளவில்லை.

ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டாக ரெரா ஆணையத்தில் பதிந்து, புத்தம்புதுச் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தாள். தி.நகரில் ஒன்று, அடையாறில் ஒன்று, மந்தைவெளியில் பாஷாவுடையது என மூன்று ஆபீஸ்களில் ஆள் தேடினார்கள். தப்பான இடத்தில் சேர்ந்தால் தொழிலில் பேர் எடுக்கும் முன்பே பேர் கெட்டுவிடும். மற்றவர்கள் பயோடேட்டாவோடு போவார்கள். இவள் புருஷன் லாரன்ஸை இழுத்துக்கொண்டு, வாடகைக்கு வீடு தேடுகிறவளாகப் போனாள். மூன்று பேர் கையிலும் இருந்த இதே மாடி வீட்டைத்தான் காட்டச் சொன்னாள்.

தி.நகர்க்காரர் ஜன்னலைத் திறந்து, "கடல் காத்து கட்டிலுக்கே வரும் மேடம்" என்றார். வந்தது பக்கிங்ஹாம் கால்வாய் நாற்றம்.

அடையாறுக்காரர் சீலிங்கில் படர்ந்திருந்த ஈரக் கறையை அண்ணாந்து பார்த்து, கூசாமல் சொன்னார்: "டிசைன் மேடம்!"

பாஷா மட்டும்தான் உள்ளேயே விடவில்லை.

"ஏன் சார் வேணாம்?"

"மழை பேஞ்சா ஹால்ல பக்கெட் வெக்கணும். ரெண்டு குடித்தனம் ஓடியே பூட்டாங்க."

"ஓனர் ரிப்பேர் பண்ண மாட்டாங்களா?"

"அந்த ஓனரம்மாவா? நேர்ல பாத்ததே இல்ல, எல்லாம் வாட்ஸப்தான். 'சீலிங் ஒழுகுது'ன்னு போட்டோ அனுப்புனா, ரெண்டு கையும் கூப்பி ஒரு கும்பிடு பொம்மை வரும். அவ்ளோதான். மகா கஞ்சம்!"

லாரன்ஸுக்குப் புரையேறியது. அன்புக்கரசி அவனை முறைத்தாள்.

"உண்மையச் சொன்னா உங்க கமிஷன் போயிடுமே சார்?"

"போவட்டும். உங்கள இங்க குடி வெச்சிட்டு, மழை நாள்ல நான் இந்தத் தெரு வழியா நடக்க வேணாமா?"

அதற்கு மேல் அவளுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. கைப்பையிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டினாள். "சார், எனக்கு வீடு வேணாம். உங்க ஆபீஸ்ல வேலை வேணும்."

பாஷா சான்றிதழையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா தங்கச்சி, இவ்ளோ நேரம் என்னியே இன்டர்வியூ பண்ணிக்கினு இருந்தியா?"

"பாஸ் பண்ணிட்டீங்க சார்."

சிரித்துவிட்டார். "சரி, நாளைக்கே வா. ஆனா மொத வேலையே இந்த வீடுதான். அந்தக் கஞ்ச ஓனரம்மாவ வழிக்குக் கொண்டாரணும். உன்னால முடியுமா?"

"ஒரு நிமிஷம் குடுங்க சார்" என்று அன்புக்கரசி போனில் எதையோ தட்டினாள்.

பாஷாவின் சட்டைப் பையில் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தார்.

மந்தைவெளி ஓனரம்மா: 'சீலிங்குக்கு நாளைக்கே கொத்தனாரை அனுப்பறேன் சார்.' அதன் கீழே, ரெண்டு கையும் கூப்பி, அதே கும்பிடு.