ஐந்தாவது ஆள்

சரக்கு ரயிலுக்கு வழிவிட்டு, ஹனோவருக்கு அப்பால் ஒரு சின்ன ஸ்ரேசனில் அந்த ஆமை ரயில் நிற்கிறது. ஆவணி வெயில் யன்னல் கண்ணாடியில் யார் யாருடையதோ கைரேகைகளைத் துலக்கிக் காட்டுகிறது. கேவலார் மாதா திருவிழாவுக்கு றோசம்மா வீட்டார் ஒவ்வொரு வருசமும் இப்படித்தான் போகிறார்கள்: ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே வார இறுதி ரிக்கற், அவள் மடியில் மீன் கட்லற் பெட்டி. ரிக்கற் பார்க்கிறவர் வந்து, எத்தனை பேர் என்று டொச்சு மொழியில் கேட்கிறார். ஐந்து என்று றோசம்மாவின் வாய் பழக்கத்தில் சொல்லிவிடுகிறது. அவர் அவளையும் மூன்று பிள்ளைகளையும் பார்க்கிறார். பிறகு பெட்டியின் கோடியில், கழிப்பறைக் கதவுக்கு மேலே எரியும் சிவப்பு விளக்கைப் பார்க்கிறார். மற்றவர் உள்ளே இருக்கிறாராக்கும் என்று சிரித்து, ரிக்கற்றில் குத்திக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

"அம்மா, அப்பா இல்லையெல்லோ. நாங்கள் நாலு பேர்தானே," என்கிறாள் மூத்தவள் பிறின்சி, மெல்ல.

"ஓம் பிள்ளை."

ஆனியில் புருசன் வின்சன்றைப் புதைத்த இடத்தில் இன்னும் புல்லுகூட ஒழுங்காய் முளைக்கவில்லை. சரக்குப் பெட்டிகள் யன்னலை இருட்டாக்கிக்கொண்டு தடதடவென்று ஓடி முடிகின்றன. வெயில் திரும்பி வருகிறது. றோசம்மா அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். விளக்கு அணைகிறது. கதவைத் திறந்துகொண்டு ஒரு ஜேர்மன்காரக் கிழவி, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி வெளியே வருகிறாள்.