ஒரு ஆளுக்கு ஒரு பக்கம்

தங்கபாண்டிக்கு இரண்டு பக்கங்கள் இருந்தன. ஒன்றில் அவனுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. இன்னொன்றில் ஆகவே இல்லை.

அருப்புக்கோட்டையில் அந்தத் திருமணத் தகவல் மையத்தின் வெப்சைட்டைச் சரிசெய்ய உட்கார்ந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

எம்.ரெட்டியபட்டியில் என் அம்மா வீட்டில் இருந்தபடியே இந்த வேலையைச் செய்திருக்கலாம். நேரில் வந்துதான் பார்க்க வேண்டும் என்று நானாகச் சொல்லி, ஷேர் ஆட்டோ ஏறி வந்திருந்தேன்.

சைட்டில் இல்லாத கோளாறு இல்லை. பாதி லிங்க் செத்துக் கிடந்தது. படங்கள் பந்தல்குடி ரோட்டு லோடு லாரி மாதிரி முக்கி முனகி வந்தன. இதெல்லாம் எந்த சைட்டிலும் இருக்கிற சீக்குதான். இதற்கு நான் கோபப்படுவதில்லை.

கோபம் வந்தது ஒரே ஒரு வரியைப் பார்த்து.

போன வருடம் சைட்டைப் புதிதாக மாற்றிக் கட்டியவன், வேலை முடிகிறவரை கூகுள் எட்டிப் பார்க்க வேண்டாம் என்று ‘திருமணம் முடிந்தவர்கள்’ பகுதிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறான். வேலை முடிந்ததும் பூட்டைத் திறக்காமல் போய்விட்டான். மறந்துவிட்டானாம்.

முன்பெல்லாம் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க அவன் ஊர் டீக்கடையில் போய் உட்காருவார்கள். இப்போது பேரையும் ஊரையும் போனில் போட்டுப் பார்க்கிறார்கள். பூட்டிக் கிடக்கிற பகுதி அதில் வராது. அதனால் கல்யாணம் முடிந்தவனும் முடியாதவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கலாம்.

எனக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த சந்தனம்மாளும் அப்படித்தான் விசாரித்திருந்தார். மகள் யுவராணிக்கு வரன் அமைந்த சந்தோஷத்தில், மையத்துக்காரர் நல்லகண்ணுவுக்கு வெற்றிலையும் பழமும் கொடுக்கத் திருச்சுழியிலிருந்து வந்திருந்தார். வெள்ளிக்கிழமை பூ வைக்கப் போகிறார்கள். மாப்பிள்ளை, தங்கபாண்டி.

“பேரப் போட்டு எல்லாம் பாத்துட்டேம்மா. ஒரு குத்தங்கொற வரல. தங்கமான பய,” என்று என்னிடமே சொன்னார்.

எப்படி வரும், பூட்டு தொங்குகிறதே என்று கத்த வேண்டும்போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். வாயால் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நல்ல காரியத்தைக் கெடுக்க வந்தவள் என்பார்கள். அவன் வந்து ரெண்டு வார்த்தை நயமாகப் பேசினால் போதும், அவன் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்துத் திறந்து வைத்தேன். பூட்டிய பகுதியில் இருந்தது பழையது. தங்கபாண்டி, திருமணம் முடிந்தது. போன மாதம் ஏற்றியது புதியது. தங்கபாண்டி, முதல் மணம். அதே பிறந்த தேதி, அதே நட்சத்திரம்.

படமும் அதே படம்தான். கல்யாணப் படத்திலிருந்து தன்னை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருக்கிறான். அதையும் ஒழுங்காக வெட்டத் துப்பில்லை. தோளோரத்தில் ஒரு விரற்கடை அரக்குப் பட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

முதல் மணமாம். வெட்கங்கெட்டவன்.

நல்லகண்ணு போனில் யாருக்கோ ஜாதகப் பொருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார். மையத்தை அவர் விலைக்கு வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. பழைய கல்யாணங்களில் எவர் முகமும் அவருக்குத் தெரியாது. ஒரே ஆளுக்கு இரண்டு பக்கம் இருந்தால் கூகுள் குழம்பிப்போகும், என்ன செய்யட்டும் என்று கேட்டேன். எந்த ஆள் என்றுகூட அவர் கேட்கவில்லை.

“ரெண்டுல எது நெசமோ அத வச்சிட்டு மத்ததத் தூக்கிரும்மா.”

அது போதும் எனக்கு.

பூட்டை எடுத்தேன். புதுப் பக்கத்தைத் தூக்கினேன். அதன் லிங்கை யார் தொட்டாலும் நேரே பழைய பக்கத்தில் போய் நிற்கும்படி திருப்பிவிட்டேன். எத்தனையோ சைட்டுக்குச் செய்த வேலைதான். ஒருநாளும் இப்படி ஆத்திரத்தோடு செய்ததில்லை.

இந்த மாற்றத்தைக் கூகுள் கண்டுகொள்ளச் சில நாள் ஆகும். வெள்ளிக்கிழமைக்குள் ஆகுமோ ஆகாதோ. ஆனால் மையத்திலிருந்து அனுப்பிய புதுப் பக்கத்து லிங்க் சந்தனம்மாளின் போனிலேயே இருந்தது. அதற்கு நாள் கணக்கு கிடையாது, தொட்டால் போதும்.

மாப்பிள்ளை படத்தை எனக்கும் காட்டுங்கள் என்று கேட்டேன்.

சந்தனம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு லிங்கைத் தொட்டார்.

படம் மெதுவாகத் திறந்தது. இது யாரும் வெட்டாத முழுப் படம். மாலை போட்டுக்கொண்டு தங்கபாண்டி நின்றான். அவன் தோளை ஒட்டி அரக்குப் பட்டில் ஒருத்தி.

சந்தனம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. போனைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார்.

பிறகு அவர் பார்வை என் கழுத்துக்கு இறங்கியது.

துப்பட்டாவை ஒதுக்கி, தாலியை வெளியே எடுத்துப் போட்டேன். நன்றாகப் பார்க்கட்டும்.